சாய்ந்த வீட்டுக்கு ஒரு துருத்தி

பிப்ரவரி 3

அன்புள்ள மாமா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத நேரமில்லை. நாங்கள் நலமாகவும் இல்லை. வீடு சாய்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேஜையில் பென்சிலை வைத்தால் ஜன்னல் பக்கம் உருண்டோடி விழுகிறது. படுக்கையறைக் கதவு யாரும் தொடாமலே திறந்துகொள்கிறது. அம்மா அதைப் பார்த்து "வாங்க" என்று சொல்லிப் பழகிவிட்டாள். அடுப்பில் வைத்த சட்டியில் எண்ணெய் ஒரு ஓரமாகவே ஒதுங்கி நிற்கிறது. இதையெல்லாம் வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டோம். இப்போது மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் வந்திருக்கிறது. என் விரல் உள்ளே போகிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். "உங்க சாமான்தான் கோணல்" என்றார். நகராட்சிக் கட்டிட ஆய்வாளரிடம் மனு கொடுத்து, போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "போன்ல அண்ணாந்து எடுத்தா எல்லாக் கட்டிடமும் சாயத்தாம்மா செய்யும். என் ஆபீஸை எடுத்துப் பாருங்க, மல்லாந்து விழற மாதிரியே இருக்கும். நேர்கோடு நேரா விழற படமாக் கொண்டாங்க, அப்பறம் ஆள் விட்டு அளக்கச் சொல்றேன்" என்றார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று சிரித்தார்.

அப்படிப் படம் எடுக்கிற கேமரா ஒன்று, நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் அலங்காரத்துக்கு நிற்கிறது. மரத்தில் செய்த பெரிய கேமரா. கருப்புத் துணியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு பார்ப்பார்களே, அது. அதில் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டாம், லென்ஸை மட்டும் மேலே உயர்த்திக்கொள்ளலாம். கட்டிடத்தின் கோடுகள் கோணாது. எல்லாம் நன்றாக இருக்கிறது. முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே இருக்கிற துருத்தி மட்டும் மக்கி, சல்லடையாகிவிட்டது. இந்த அளவுக்குப் புதிது எங்கேயும் கிடைக்கவில்லை.

நீங்கள் ஆர்மோனியத்துக்குத் துருத்தி செய்கிறவர். இதைச் செய்வீர்களா? பழைய துருத்தியையும் இரண்டு சட்டங்களையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் முதல் தேதி ஆய்வாளர் எங்கள் தெருவுக்கு வருகிறார்.

போன் செய்ய வேண்டாம் என்கிறாள் அம்மா. உங்களுக்குக் காது கேட்காமல் நீங்கள் போடுகிற கூச்சலில் வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிடுமாம்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 20

மருமகளே,

"செய்வீர்களா?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் என் பட்டறையில் கிடந்த ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டன. என் துருத்தியைப் பார்த்துவிட்டு ஒரு திமிங்கலம் தன் நுரையீரலை ராஜினாமா செய்தது என்று கடலோரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனிடம் கேள்விக்குறியா?

அது கிடக்கட்டும். என் அக்காவைக் கோணல் வீட்டில் குடிவைத்துவிட்டு, சாமான் கோணல் என்றானா அந்த வீட்டுக்காரன்? அவன் நாக்கில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வாளர் பெருமான், நேரில் வந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் தீர்கிற காரியத்துக்கு நேர்கோட்டுப் படம் கேட்கிறாரா? அவர் தலைவலிக்கு மாத்திரை கேட்டால் மருந்துக்கடைக்காரர், "தலையைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கடவர்.

உன் பழைய துருத்தியை மேஜையில் கிடத்திப் பிரேதப் பரிசோதனை செய்தேன். பின்னால் அகலம், முன்னால் குறுகல். ஆகவே மடிப்புக்கு மடிப்பு அளவு இளைத்துக்கொண்டே போகிறது. காகிதத்தில் மடித்து மடித்துப் பார்த்தேன். நான் கசக்கி எறிந்த காகிதத்தில் ஒரு நூலகம் அமைக்கலாம். பிறகு கெட்டித் துணியை விரித்து, அட்டைப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். மூலையில்தான் சூது. அட்டை மூலைவரை போனால் மடிப்பு முறுக்கிக்கொள்ளும். அங்கே அட்டையும் துணியும் கூடாது, பூவிதழ் மாதிரி சீவிய ஆட்டுத்தோல் மட்டும். பசை காய்வதற்குள் விரலால் கிள்ளிக் கிள்ளி மடிப்பு எடுத்ததில் என் நகங்கள் இப்போது எனக்கே சலாம் போடுவதில்லை.

பழையதில் உள்ளே ஒரு கருப்புத் துணி இருந்தது. துருத்திக்கு எதற்கு உள்ளாடை? எடுத்து எறிந்துவிட்டேன்.

இரண்டு வாயையும் பலகையால் அடைத்து, விரித்து நிற்கவைத்து, மேலே சுத்தியலையும் எங்கள் பட்டறைப் பூனையையும் ஏற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நூலிழைகூட இறங்கவில்லை. பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு எறும்பின் ஏக்கம்கூட இதற்குள் புகாது. போ, போய் அந்த வீட்டுக்காரன் முகத்தில் படத்தை விட்டெறி.

துருத்திச் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன்

மார்ச் 4

மாமா,

எறும்பின் ஏக்கம் புகவில்லை. வெளிச்சம் புகுந்துவிட்டது.

ஆய்வாளர் வந்தார். தெருவே கூடி நின்றது. எதிர்வீட்டு வாசலில் கேமராவை நிறுத்தி, லென்ஸை உயர்த்திப் படம் எடுத்தேன். ஸ்டுடியோவுக்கு ஓடிக் கழுவி, அச்சிட்டுக் கொண்டுவந்து பார்த்தால் முழுக்க வெண்புகை. அதற்குள் ஒரு கட்டிடம் இருப்பதாக நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை வாங்கிப் பார்த்த வீட்டுக்காரர், "அடேங்கப்பா, உங்க வீடு மேகத்துக்குள்ள இருக்குதேம்மா! இது தெரியாம இத்தனை நாள் கம்மியா வாடகை வாங்கிட்டேனே" என்றார். ஆய்வாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இருட்டறையில் உங்கள் துருத்திக்குள் ஒரு பல்பை விட்டுப் பார்த்தேன். மூலைகள் எல்லாம் வெயிலில் நிற்கிற கன்றுக்குட்டியின் காது மாதிரி சிவந்து தெரிந்தன. உள்ளாடை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

நான் உங்களிடம் கேட்டது வெளிச்சம் புகாத துருத்தி. நீங்கள் செய்து அனுப்பியது காற்றுப் புகாத துருத்தி. கேமரா பாடாது, மாமா. அது வெறுமனே இருட்டாக இருந்தால் போதும்.

ஆய்வாளர் இன்னொரு தடவை வருகிறார், பதினாறாம் தேதி. துருத்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மருமகள்

மார்ச் 10

கோபக்கார மருமகளே,

உன் கடிதத்தை முதலில் பூனைக்குப் படித்துக் காட்டினேன். அதற்கே ரோஷம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டி அதன் முதுகை மண்ணில் தேய்த்தவன் நான். வெளிச்சத்தை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. அது பாட்டுக்கு ஜன்னல் வழியாக வரும், போகும், வேலைக்கு உதவும், கூலி கேட்காது. அதற்குள் இப்படி ஒரு திருட்டுப் புத்தி இருக்கும் என்று யார் கண்டார்கள்?

நம்பாமல்தான் பல்பை விட்டுப் பார்த்தேன். ஜன்னலை மூடி, கம்பளியைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் என் சட்டையைத் திணித்து, இருட்டில் நின்றேன். கன்றுக்குட்டியின் காது என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு என் மானமே சிவந்து தெரிந்தது.

ஆகையால் இந்தப் புதியது. உள்ளே இரட்டைக் கருப்புத் துணி, நடுவே அட்டை, வெளியே கருப்புத் தோல், மூலைக்கு மூலை மேலும் ஒரு ஒட்டு. இதற்குள் பல்பை விட்டபோது பல்புக்கே பயம் வந்து மங்கிப்போனது. அமாவாசை இதனிடம் வந்து இருட்டுக் கடன் கேட்கும்.

அதோடு நின்றேனா? உன் சட்டங்களின் மரம் முறுக்கிக்கொண்டு, இடுக்கு இடுக்காக இருக்கிறது. திருடன் அந்த வழியாகவும் வருவான். தோல் பட்டை அனுப்பியிருக்கிறேன். பின்னால் இருக்கிற கண்ணாடியைச் சுற்றி, முன்னால் லென்ஸ் பலகையைச் சுற்றி, ஃபிலிம் சொருகுகிற இடத்தைச் சுற்றி ஒட்டு. காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. இரண்டு திருடர்களுக்கும் ஒரே பூட்டு.

வீட்டுக்காரன் இந்தத் தடவை சிரித்தால், எத்தனை பல் தெரிந்தது என்று எழுது. நேரில் வந்து சரிபார்க்கிறேன்.

மாமன்

மார்ச் 17

மாமா,

உங்கள் அமாவாசைக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

நீங்கள் சொன்னபடி பட்டை எல்லாம் ஒட்டினேன். நேற்று ஃபோகஸ் பார்க்க முன்சட்டத்தை இழுத்தேன். உள்ளே போக ஒரு துளி காற்றுக்கு வழியில்லை. துருத்தியின் இரண்டு பக்கமும் பல் போன கிழவர் கன்னம் மாதிரி உள்வாங்கிக்கொண்டன. கையை விட்டால் லென்ஸ் தானாகப் பின்னால் போகிறது. கயிறு கட்டி இழுத்து நிறுத்தினேன். கண்ணாடியில் பார்க்கும்போதே படத்தின் ஓரங்கள் கருப்பாக இருந்தன. ஆனால் ஆய்வாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டேன்.

படம் கத்தி மாதிரி தெளிவு. எங்கள் வாசல் பூந்தொட்டி விளிம்பில் இருக்கிற உடைசல்கூடத் தெரிகிறது. கட்டிடத்தின் இரண்டு ஓரங்கள் மட்டும் இல்லை. எந்த ஓரம் சாய்கிறது என்று காட்ட எடுத்தேனோ அந்த ஓரம் உங்கள் துருத்திக்குள் போய்விட்டது.

"ஓரமே இல்லாத வீடு எந்தப் பக்கம்மா சாயும்?" என்றார் வீட்டுக்காரர். பல் எல்லாம் தெரிந்தது. எண்ணவில்லை.

பட்டையை எடுத்துவிடலாம் என்றால் இடுக்கு வழியாக வெளிச்சம் வருகிறது. காற்று போய்வர ஒரே ஒரு ஓட்டை வேண்டும். நான் போட்டால் கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் துருத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓட்டை போட்டு அனுப்புங்கள். ஆய்வாளர் கடைசியாக ஒரு தேதி கொடுத்திருக்கிறார். அதற்குமேல் மனுவை மூடிவிடுவாராம். வீட்டுக்காரர் ஆள் வைத்து மாடிப்படியிலும் படுக்கையறையிலும் இருக்கிற விரிசல்களில் சிமெண்ட் பூசி வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்.

மருமகள்

மார்ச் 21

ஓட்டையா?

மருமகளே, என்ன வார்த்தை சொன்னாய்? இந்தக் கை துருத்தியில் ஓட்டையை அடைக்கிற கை. எலி கடித்தது, பூச்சி அரித்தது, கச்சேரிக்காரர் கோபத்தில் பேனாவால் குத்தியது எல்லாவற்றையும் அடைத்த கை. நாளைக்கு யாராவது அந்தக் கேமராவைத் திறந்து பார்த்து, "இதைச் செய்தவன் யாரப்பா, ஓட்டையை அடைக்க மறந்துவிட்டான்" என்று சொன்னால் நான் எந்தக் கடலில் போய் விழுவது? எந்தக் கடலாவது என்னை ஏற்றுக்கொள்ளுமா?

துருத்தி திரும்பி வந்ததும் மெதுவாக இழுத்துப் பார். பொறுமையாக இழுத்தால் வராத துருத்தி உலகத்தில் இல்லை. இழுக்கத் தெரியாதவர்கள்தான் துருத்தியைக் குறை சொல்வார்கள்.

ஓட்டை போட மாட்டேன். இது முடிவு.

மாமன்

மார்ச் 25

மாமா,

முந்தாநாள் மத்தியானம் படுக்கையறைச் சுவரிலிருந்து ஒரு பெரிய கட்டி, புதிதாகப் பூசிய சிமெண்டோடு சேர்ந்து பெயர்ந்து, அம்மாவின் தலையணையில் விழுந்தது. அம்மா சமையலறையில் இருந்தாள். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்து, தலையணையைத் தட்டி, கால்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "கால்ல விழுந்தாப் பரவால்ல" என்கிறாள்.

உங்கள் பெயரை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். துருத்தியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். கோணியூசியால் நானே குத்திக்கொள்கிறேன்.

மார்ச் 29

மருமகளே,

கோணியூசியைக் கீழே வை.

போட்டுவிட்டேன். கையில் துளைக்கருவியை எடுத்து, கண்ணை மூடி, ஒரு தடவை அந்த வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டேன். அப்புறம் சுலபமாக இறங்கியது. கால்ல விழுந்தாப் பரவால்லையாம்! என் அக்காவின் கால் என்ன அவன் வீட்டுச் சிமெண்டுக்கு வைத்த சுமைதாங்கியா?

ஒரு ஓட்டை போட்டால் வெளிச்சம் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு போட்டேன். அடிப்பக்க மடிப்பில், வெளித்தோலில் ஒன்று. உள்துணியில் ஒன்று, ஒரு கட்டைவிரல் அளவு தள்ளி. இரண்டுக்கும் நடுவே கருப்புத் துணியில் ஒரு சந்து தைத்தேன். காற்று சந்து பொந்தெல்லாம் தெரிந்த ஆள், வளைந்து நெளிந்து உள்ளே வந்துவிடும். வெளிச்சம் பெரிய மனுஷன், நேராகத்தான் நடப்பான். சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். பல்பை விட்டு, இருட்டில் கண் பழகும்வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

பிறகு இரண்டு வாயையும் அடைத்துப் பூனையை ஏற்றினேன். மெதுவாக, மரியாதையாக, தரைவரை இறங்கியது. பூனை என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை நான் என் எதிரிக்குக்கூட விதிக்க மாட்டேன். வீட்டுக்காரனுக்கு விதிப்பேன்.

மெதுவாக இழுத்துப் பார் என்று எழுதினேன் அல்லவா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. ஓட்டை போடுவதற்கு முன் நானே மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

அக்காவை இன்றைக்கே வேறு அறையில் படுக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே, கேட்க மாட்டாள்.

மாமன்

ஏப்ரல் 14

அன்புள்ள மாமா,

ஜெயித்துவிட்டோம். எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

இந்தத் தடவை துருத்தி மூச்சுவிட்டுக்கொண்டே விரிந்தது. லென்ஸை நிறுத்திய இடத்தில் நின்றது. படத்தைக் கழுவி, பெரிதாகப் போட்டு, ஆய்வாளர் மேஜையில் வைத்தேன். அவர் ஒரு அடிக்கோலை எடுத்தார். இடது பக்கத்து வீட்டு ஓரத்தில் வைத்தார், ஒட்டி நின்றது. வலது பக்கத்து வீட்டு ஓரத்தில் வைத்தார், ஒட்டி நின்றது. எங்கள் வீட்டு ஓரத்தில் வைத்தார். அடியில் ஒட்டியது, மேலே போகப் போக விலகியது. வீட்டுக்காரர், "லென்ஸ் கோணல் சார்" என்றார்.

"லென்ஸ் கோணல்னா பக்கத்து வீடு ரெண்டும் மட்டும் எப்படிய்யா நேரா நிக்குது?" என்றார் ஆய்வாளர். வீட்டுக்காரருக்கு அன்று பல்லே தெரியவில்லை.

மறுநாளே அளக்க ஆட்கள் வந்தார்கள். அளந்த அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சரிசெய்து முடிக்கும்வரை வீட்டுக்காரர் தன் செலவில் வேறு வீடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. கொடுத்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம், புதுக் கட்டிடம்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. இனிமேல் எழுதுவதுதான் எழுத வரவில்லை.

புது வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மா, "இதுவும் சாயுதுடி" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போனாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். மறுநாளும் அதே தோள், அதே நிலை. "அந்தாளு வேணும்னே இன்னொரு கோணல் வீட்டைக் குடுத்திருக்கான். கொண்டா உன் கேமராவை, எடு படம், போய் அந்த ஆபீசர்ட்ட காட்டு" என்று ஒரே சண்டை. நான் படம் எடுக்கவில்லை. ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தேன். சுற்றிலும் ஒரே மட்டமாக நின்றது.

அம்மா குனிந்து, தட்டின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் சாயறேனா?" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றாள். "இத்தனை வருஷம் மாசம் தவறாம வாடகையும் வாங்கிக்கிட்டு என் உடம்பையும் கோணலாக்கி வெச்சிருக்கான். வீட்டை நிமித்தச் சொல்லி உத்தரவு போட்டாங்களே, என்னை எவன் நிமித்துவான்?" தட்டை எடுத்து, தண்ணீரை வாசலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுத் திரும்பும்போதும் தோள் இடித்தது. அப்போதுதான் அழுதாள், மாமா.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மருமகள்

ஏப்ரல் 18

மருமகளே,

பட்டறையைப் பூட்டிவிட்டேன். கச்சேரிக்காரர் ஒருவர் வந்து, ஆர்மோனியம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். என் அக்கா நிமிர்ந்த பிறகு என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியாமலே போகட்டும், வாயால் பாடட்டும்.

யார்மேல் கோபப்படுவது என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? வீட்டுக்காரன்மேல் படு. அவன்மேல் பட்டு மீந்ததை எனக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் பார்க்க வருகிற வழியில் அவன் வீட்டு வாசலில் இறங்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன். எனக்குக் காது கேட்காது என்பது அன்றைக்கு ஒரு நாள் ஊருக்கே பயன்படும்.

இந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். அக்காவிடம் சொல்லிவை. நிமிர்த்துகிற வித்தை எனக்குத் தெரியாது. சமமான தரையில் நடந்து பழகும்வரை பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். தோளை நிலையில் இடிக்காமல் என்மேல் இடித்துக்கொள்ளட்டும். சின்ன வயசிலிருந்து அவளிடம் இடி வாங்கிய உடம்புதான்.

நான் வரும்வரை நீ கையைப் பிடித்து நடத்திப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதே. நீ நடை பழகினதே அந்தத் தரையில். போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் யார் யாரைப் பிடிப்பது?

வருகிறேன்.

மாமன்